விசிறி இன்னும் சுற்றட்டும்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்று முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கேள்வி அனுப்புவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, இந்த முறை முழுக்கச் சூடுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் முப்பத்தோரு வருஷம் ஒலிபரப்பு ட்ரான்ஸ்மிட்டர்களோடு குடித்தனம் நடத்தியவன். வெளியில் சொல்லிக்கொள்வது ரேடியோ இன்ஜினீயர் என்று. உள்ளே பார்த்த வேலையில் பாதி பிளம்பிங். எங்கள் கூடத்தில் யாராவது "வால்வைப் பார்" என்று குரல் கொடுத்தால், எலெக்ட்ரான் வால்வா (ட்ரான்ஸ்மிட்டரில் சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழல்), தண்ணீர் வால்வா என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்போம்.

கேள்வி: புரொஜெக்டரை அணைத்த பிறகும் உள்ளே விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் வீண்தானே என்று ப்ளக்கைப் பிடுங்கிவிடுவேன். இதனால் ஏதாவது கெடுமா?

கெடும். உடனே கெடாது, அதனால்தான் நீங்கள் இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய மாதிரி லாம்ப் உள்ள புரொஜெக்டர் என்றால், உள்ளே இருப்பது கட்டைவிரல் நுனி அளவுக்கூட இல்லாத ஒரு குவார்ட்ஸ் குமிழ். எரியும்போது அதற்குள் பாதரச ஆவி கிட்டத்தட்ட 200 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றைப்போல இருநூறு மடங்கு அழுத்தத்தில் இருக்கும். குமிழின் சுவர் ஆயிரம் டிகிரி பக்கம் போய்விடும். குவார்ட்ஸ் அதைத் தாங்கும். அவ்வளவு சூட்டைத் தாங்காதவை சுற்றி இருப்பவை: குமிழின் இரு முனைகளில் மின்சாரம் உள்ளே போகும் சீல்கள், ஒயர் முனைகள், பிளாஸ்டிக். லாம்ப் எரியும்வரை விசிறி இவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அணைத்ததும் சூடு உற்பத்தி நின்றுவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே குமிழிலும் ரிஃப்ளெக்டரிலும் சேர்ந்திருக்கிற சூடு எங்கே போகும்? காற்றும் நின்றுவிட்டால் பக்கத்தில் இருப்பதற்குள் ஊறும். அதனால் அணைத்த அடுத்த சில நிமிஷங்களில் சில பாகங்கள் எரியும்போது இருந்ததைவிட அதிகம் சூடாகும். காரை ஓட்டி வந்து நிறுத்தியதும் இன்ஜின் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றுவதும் இதற்குத்தான்.

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இரவு ஷிஃப்ட். ஒலிபரப்பு முடிந்து எச்.டி.யை (வால்வுக்குப் போகும் உயர் வோல்டேஜ்) அணைத்தேன், வால்வுக்குள் இருக்கும் சூடேற்றும் இழையான ஃபிலமென்டை அணைத்தேன், அதே கையோடு வால்வுக்குக் காற்றடிக்கும் ப்ளோயரையும் அணைத்துவிட்டேன். போன் பேச வேண்டியிருந்தது, சத்தம் தொல்லையாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அது செராமிக் உடம்பு உள்ள வால்வு. வெளியே செம்பு ஆனோடு (எலெக்ட்ரான்கள் வந்து சேரும் முனை), அதைச் சுற்றி நெருக்கமான தகடுகள், அடியில் செராமிக்கும் உலோகமும் ஒட்டும் வளையம். அந்த வளையம் 250 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வால்வோடு வந்த தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மறுநாள் காலை எச்.டி. கொடுத்த கணமே ட்ரிப். மறுபடி கொடுத்தால் மறுபடி ட்ரிப். வால்வைக் கழற்றிப் பார்த்த மூத்தவர், வளையத்தை ஒட்டி நிறம் மாறியிருந்த ஒரு கோட்டை விரலால் காட்டினார். உள்ளே வெற்றிடம் போய்விட்டது. அவர் திட்டவில்லை. "இனிமேல் போன் பேசணும்னா ப்ளோயர் சத்தத்திலேயே பேசு" என்றார். வருஷக்கணக்கில் அப்படித்தான் பேசினேன். வீட்டிலும் சத்தமாகப் பேசுகிறேன் என்று புகார் உண்டு.

ப்ளக்கைப் பிடுங்காதீர்கள்.

கேள்வி: என் பணிமேஜையில் ஹாலஜன் விளக்கு அடிக்கடி ஃப்யூஸ் போகிறது. சூடு ஆகாமல் இருக்க வேகமான சின்ன விசிறியை நேராக பல்பைப் பார்த்து வைத்தேன். இப்போது ஃப்யூஸ் போவதோடு கறுத்தும் போகிறது. ஏன்?

நீங்களே கறுக்க வைத்திருக்கிறீர்கள், நல்லெண்ணத்தோடு.

ஹாலஜன் பல்புக்குச் சூடு வேண்டும். டங்ஸ்டன் இழையிலிருந்து ஆவியாகிப் பறக்கும் உலோகம், சாதாரண பல்பில் கண்ணாடியில் போய்ப் படிந்து கறுப்பாகும். ஹாலஜனில், உள்ளே கொஞ்சம் அயோடினோ புரோமினோ இருக்கிறது. அது பறக்கும் டங்ஸ்டனைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்து வாயுவாகவே வைத்துக்கொண்டு, இழைக்கு அருகே கொண்டுபோய் விட்டுவிடும். இந்த வேலை நடக்கக் குமிழின் சுவர் சுமார் 250 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். நீங்கள் காற்றடித்துச் சுவரை அதற்குக் கீழே இறக்கிவிட்டீர்கள். பிடிக்க ஆள் இல்லை. டங்ஸ்டன் சுவரிலேயே குடியேறிவிட்டது.

ஆனால் உங்கள் முதல் சந்தேகமும் தப்பில்லை. அதே பல்பின் அடியில், கம்பிகள் உள்ளே போகிற தட்டையான இடம் 350 டிகிரியைத் தாண்டக் கூடாது. அங்கே குவார்ட்ஸுக்குள் மெல்லிய மாலிப்டினம் தகடு புதைந்திருக்கிறது. மாலிப்டினம் சூட்டில் விரியும் அளவு குவார்ட்ஸைப்போலச் சுமார் பத்து மடங்கு. தகடு முடி அளவுகூட இல்லாத மெல்லிசாக இருப்பதால்தான் குவார்ட்ஸ் விரிசல் விடாமல் தாங்குகிறது. 350-க்கு மேல் போனால் வெளிக்காற்று பட்டு அந்தத் தகடு துருவேறும், பருக்கும், குவார்ட்ஸ் பிளக்கும்.

ஆக ஒரே பல்பில் மேலே 250-க்குக் கீழே போகக் கூடாது, அடியில் 350-க்கு மேலே போகக் கூடாது. காற்றை அடிப்பகுதிக்கு மட்டும் மெதுவாக விடுங்கள். ஹோல்டரின் பிடி தளர்ந்து கறுத்திருந்தால் அதை மாற்றுங்கள். தளர்ந்த ஹோல்டரே ஒரு அடுப்பு. குமிழை வெறும் கையால் தொடாதீர்கள். விரல் உப்பு பட்ட இடத்தில் குவார்ட்ஸ் வெள்ளையாகப் பூத்துக் கெடும்.

கேள்வி: பத்தாயிரம் வோல்ட் இருக்கும் உலோகத்தின் மேல் தண்ணீர் ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீரில் மின்சாரம் பாயும் என்று நான் பள்ளியில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எதை நம்புவது? (ஓர் ஆசிரியை)

இரண்டையும் நம்புங்கள், அம்மா. பிள்ளைகளுக்குச் சொன்னதை மாற்றவும் வேண்டாம்.

பெரிய வால்வுகளில் சூடாகும் இடம் ஆனோடு. எலெக்ட்ரான்கள் வேகமாக வந்து மோதும் சுவர் அது. அந்தச் சுவரைத்தான் தண்ணீர் தொட வேண்டும், அந்தச் சுவர்தான் பல ஆயிரம் வோல்ட்டிலும் இருக்கிறது. தண்ணீர் வரும் பம்பும் தொட்டியும் பூமி மட்டத்தில். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ரப்பர் அல்லது பிளாஸ்டிக் ஹோஸ், அதற்குள் தண்ணீர். அந்தத் தண்ணீர்த் தூண்தான் மின்தடை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்விட்டம் 2 செ.மீ., நீளம் 3 மீட்டர் உள்ள ஹோஸ். நல்ல சுத்தமான நீர், ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு 10 லட்சம் ஓம் தடை உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் முழுக்கச் சேர்ந்து 9.5 கோடி ஓம். பத்தாயிரம் வோல்ட்டுக்கு அதில் ஒழுகுவது 0.1 மில்லிஆம்பியர். ஒன்றுமே இல்லை. அதே ஹோஸில் குழாய்த் தண்ணீர், இரண்டாயிரம் ஓம் என்று வையுங்கள். தடை வெறும் 1.9 லட்சம் ஓம். ஒழுகுவது 52 மில்லிஆம்பியர், ஹோஸுக்குள் வீணாவது 500 வாட்டுக்கு மேல். பிள்ளைகளுக்கு நீங்கள் சொன்ன தண்ணீர் இதுதான். முழுக்க முழுக்கச் சுத்தமான நீர் 25 டிகிரியில் 182 லட்சம் ஓம் வரை போகும். ஆனால் அது அப்படியே இருக்காது. காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை இழுக்கும், குழாயிலிருந்து செம்பைக் கரைக்கும். அதனால் மூடிய தொட்டி, பக்கத்தில் கரைந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு ரெசின் சிலிண்டர், ஓடும் நீரில் கொஞ்சம் எப்போதும் அதன் வழியாகப் போய் வந்துகொண்டிருக்கும்.

ஹோஸைச் சுருட்டிச் சுருட்டி வைத்திருப்பதும் அழகுக்காக இல்லை; நீளத்துக்காக. இன்னொன்று கேளுங்கள். ஒழுகும் மின்சாரம் சிறியதானாலும் ஒரே திசையில் ஓடுவது. பாசிட்டிவ் முனையில், அதாவது வால்வுப் பக்கத்து ஹோஸ் மூக்கில், உலோகத்தை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே வேண்டுமென்றே ஒரு சின்ன உலோகத் துண்டைப் பலியாடாக வைத்திருப்பார்கள். அரிப்பு அதைத் தின்னும், மூக்கு தப்பிக்கும். தேய்ந்ததும் புதுசு போடுவோம்.

ஒரு விடுமுறை நாளில் தொட்டியில் மட்டம் குறைந்திருந்ததைப் பார்த்த ஒரு நண்பர், காய்ச்சி வடித்த நீர்க் கேன் காலி என்று பக்கத்துக் குழாயைத் திறந்து இரண்டு வாளி ஊற்றிவிட்டார். லீக்கேஜ் மீட்டர் முள் அன்று மாலையே ஏறி நின்றது. நாங்கள் தொட்டியைக் காலி செய்து, கழுவி, மறுபடி நிரப்பினோம். ஆனாலும் அடுத்த பராமரிப்பில் மூக்கைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பூச்சு, நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. அதைவிட ஆபத்து ஆனோடில் படியும் சுண்ணாம்பு. செம்பு சூட்டைக் கடத்துவதில் சுண்ணாம்புப் படிவத்தைப்போல இருநூறு மடங்குக்கும் மேல். ஒரு சதுர செ.மீ.க்கு 100 வாட் போகிற சுவரில் 0.1 மி.மீ. படிவம் இருந்தாலே, அடியில் உள்ள செம்பு 50 முதல் 100 டிகிரி கூடுதலாகக் காய வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரிவது வெள்ளையாக ஒரு மங்கல் மட்டும்தான்.

பெரிய நிலையங்களில் இரண்டு சுற்று இருக்கும். வால்வைத் தொடும் சுத்த நீர் உள்ளேயே சுற்றும். அதன் சூட்டை ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகச் சாதாரண நீர் வாங்கிக்கொண்டு வெளியே கொட்டும். அமெரிக்காவின் ஒஹாயோவில் மேசன் என்ற ஊரில் 1934-ல் டபிள்யூஎல்டபிள்யூ நிலையம் 500 கிலோவாட்டில் ஒலிபரப்பியபோது, கட்டடத்துக்கு முன்னால் நீரூற்றுகள் பீச்சும் குளம் ஒன்றைக் கட்டினார்கள். பார்ப்பவர்களுக்குத் தோட்ட அலங்காரம். பீச்சிய நீர் காற்றில் ஆறி மறுபடி உள்ளே போகும்.

கேள்வி: எத்தனை கிலோவாட்டுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு தண்ணீர்? ஒரு வரியில் கணக்கு கிடைக்குமா? (இன்ஜினீயரிங் மாணவர்)

கிடைக்கும். காற்று: நிமிஷத்துக்கு எத்தனை கன மீட்டர் என்பதற்கு, கிலோவாட்டை 50-ஆல் பெருக்கி, காற்று எத்தனை டிகிரி சூடேறலாம் என்பதால் வகுங்கள். 1 கிலோவாட், 20 டிகிரி ஏற்றம் என்றால் 2.5 கன மீட்டர். தண்ணீர்: 50-க்குப் பதில் 14.3 போடுங்கள், விடை லிட்டரில் வரும். 1 கிலோவாட், 10 டிகிரி என்றால் நிமிஷத்துக்கு 1.4 லிட்டர்.

இரண்டையும் ஒப்பிட்டால், ஒரே கொள்ளளவுக்குத் தண்ணீர் காற்றைப்போல 3,500 மடங்கு சூட்டைத் தூக்குகிறது என்று தெரியும். ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால், காற்றால் முடிகிற வேலைக்குத் தண்ணீரைக் கொண்டுவர மாட்டேன். காற்று ஒழுகினால் யாரும் துடைக்க வேண்டியதில்லை.

விசிறிப் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே கணக்கில் போடாதீர்கள். அது எதிரில் தடையே இல்லாதபோது தள்ளும் அளவு. நெருக்கமான தகடு, வடிகட்டி, வளைந்த குழாய் எல்லாம் சேர்ந்தால் பாதிகூட வராது. மலைமேல் வைக்கப் போகிறீர்கள் என்றால் காற்று லேசு. 1,500 மீட்டரில் சுமார் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இழக்கும், ஆனால் இழக்கும். சூடான காற்றை வெளியே இழுப்பதைவிடக் குளிர்ந்த காற்றை உள்ளே தள்ளுவது நல்லது. குளிர்ந்த காற்று கனம், அதே சுற்றில் அதிகம் போகும், விசிறியின் பேரிங்கும் சூட்டில் வேகாது.

கேள்வி: தண்ணீர் கொதித்துவிட்டால் ஆபத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேண்டுமென்றே கொதிக்க வைத்துக் குளிர்விக்கும் வால்வு உண்டு என்று நண்பர் சொன்னார். கிண்டலா?

கிண்டல் இல்லை. நான் மிகவும் ரசித்துப் பராமரித்த இயந்திரம் அதுதான்.

ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100-க்கு ஏற்ற 335 கிலோஜூல் போதும். அந்த 100 டிகிரித் தண்ணீரை அதே 100 டிகிரியில் ஆவியாக்க 2,257 கிலோஜூல். டிகிரி ஏறாமலே இவ்வளவு சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. 10 கிலோவாட் வீணாகும் வால்வை ஓடும் தண்ணீரால் 10 டிகிரி ஏற்றத்தில் குளிர்விக்க மணிக்கு 860 லிட்டர் வேண்டும். கொதிக்கவிட்டால் மணிக்கு 16 லிட்டர். அதையும் பம்ப் வைத்துத் தள்ள வேண்டாம். நீராவி தானாக மேலே போகும், கண்டென்சரில் நீராகும், சரிவில் இறங்கித் தொட்டிக்கே வரும். பம்ப் இல்லை என்றால் பம்ப் ரிப்பேரும் இல்லை. ராத்திரி ஷிஃப்டில் இருப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்படியென்றால் எல்லோரும் ஏன் பயந்தார்கள்? நன்றாகக் காய்ந்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். உடனே ஆவியாகாது. முத்துப்போல உருண்டு ஓடும். சொட்டுக்கு அடியில் உருவான ஆவியே மெத்தையாகி, நீரை உலோகத்தைத் தொடவிடாமல் தூக்கிப் பிடிக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756-ல் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஆனோடின் சுவரில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு இடத்தில் ஆவி மெத்தை விழுந்ததும் அங்கே சூடு போக வழியில்லை, அதனால் இன்னும் காய்கிறது, மெத்தை இன்னும் பெருக்கிறது, செம்பு உருகுகிறது. 1934-ல் ஜப்பானின் நுகியாமா கம்பியைத் தண்ணீருக்குள் வைத்துச் சூடாக்கி இந்த எல்லையை அளந்தார். எல்லையைத் தாண்டிய நொடியில் நிக்ரோம் கம்பி தண்ணீருக்குள்ளேயே எரிந்து அறுந்துபோனது. வழவழப்பான சுவரில் அந்த எல்லை ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 100 வாட்.

இதற்கு வழி கண்டவர் பிரான்ஸின் தாம்சன்-ஹூஸ்டன் நிறுவனத்தில் இருந்த ஷார்ல் பெர்த்துரே. ஆனோடின் வெளிச்சுவரை வழவழப்பாக வைக்காமல், தடித்த செம்புப் பற்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்தார். பல்லின் அடி மிகவும் சூடு, நுனி கொதிநிலைக்குக் கொஞ்சம்தான் மேலே. அடியில் ஆவி மெத்தை விழுந்தாலும் அந்தச் சூடு பல்லின் வழியாக நுனிக்கு ஓடும். நுனி எப்போதும் நீரைத் தொட்டுக்கொண்டு அமைதியாகக் கொதிக்கும். நுனியில் நடக்கும் கொதிப்பு அடியில் நடக்கும் கலவரத்தைப் பரவவிடாது. வாபோட்ரான் என்று பெயர் வைத்தார்கள். பழைய வால்வு ஒன்றை ஓய்வு கொடுத்து எடுத்தபோது, அந்தப் பற்களைத் தடவிப் பார்த்தேன். மக்காச்சோளக் கதிரைத் தடவுவதுபோல இருந்தது, விரல் கனத்துக்கு ஒவ்வொரு பல். இவ்வளவு முரட்டுத்தனமான ஒரு பொருளுக்குள் இவ்வளவு நுட்பமான யோசனை இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

கேள்வி: மின் நிலையங்களில் பெரிய ஜெனரேட்டருக்குள் ஹைட்ரஜன் நிரப்புகிறார்கள் என்பது உண்மையா? ஒரு பொறி பட்டால்?

உண்மை. ஹைட்ரஜன் நிரப்பிய முதல் டர்போ ஜெனரேட்டர் 1937-ல், அதுவும் ஒஹாயோவில்தான், டேட்டன் நகரில் ஓட ஆரம்பித்தது.

பொறியைப் பற்றிச் சொல்கிறேன். ஹைட்ரஜன் காற்றோடு 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் வெடிக்கும். ஜெனரேட்டருக்குள் 98 சதவீதம் பக்கம் சுத்தமாக வைத்திருப்பார்கள். எரிய ஆக்சிஜன் இல்லை. அழுத்தமும் வெளியைவிட அதிகம், அதனால் ஒழுகினால் உள்ளிருந்து வெளியேதான். நிரப்பும்போதும் எடுக்கும்போதும் நேரடியாகக் காற்றையும் ஹைட்ரஜனையும் மாற்ற மாட்டார்கள். நடுவில் கார்பன் டைஆக்சைடைவிட்டுக் கழுவுவார்கள்.

ஏன் இந்த வம்பு என்றால், ரோட்டர் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றும்போது காற்றையே கடைந்து காற்றையே சூடாக்குகிறது. ஹைட்ரஜனின் கனம் காற்றில் பதினாலில் ஒரு பங்கு. கடைகிற வேலை மிச்சம். சூட்டைக் கடத்துவதில் காற்றைப்போல ஏழு மடங்கு. ஒரு கிலோவுக்குக் கணக்குப் போட்டு ஹைட்ரஜன் பதினாலு மடங்கு சூடு தூக்கும் என்று சிலர் எழுதுவார்கள். ஒரே அழுத்தத்தில், ஒரே கொள்ளளவுக்குப் பார்த்தால் அது காற்றுக்குச் சமம்தான். அழுத்தத்தை ஏற்றித்தான் அதைக் கூட்டுகிறார்கள்.

கேள்வி: ட்ரான்ஸ்ஃபார்மர் பலகையில் ஓஎன்ஏஎன் 10 எம்விஏ, ஓஎன்ஏஎஃப் 12.5 எம்விஏ என்று இரண்டு எண்கள். எது உண்மையான அளவு?

இரண்டும். எம்விஏ என்பது தாங்கும் சுமையின் அளவு. முதலாவதான ஓஎன்ஏஎன் என்றால் எண்ணெய் தானாகச் சுற்றுவது, காற்றும் தானாக வீசுவது. இரண்டாவதில் எண்ணெய் அப்படியே, ரேடியேட்டருக்கு விசிறி உண்டு. விசிறி ஓடினால் கால்வாசி கூடுதலாகத் தாங்கும். விசிறி கெட்டால் 10 தான், பலகையில் 12.5 இருக்கிறதே என்று அடம்பிடிக்கக் கூடாது.

உள்ளே கெடுவது எண்ணெய் இல்லை. எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். கம்பியைச் சுற்றியுள்ள காகிதத்தை யாரும் மாற்ற முடியாது. சாதாரணக் காகிதத்துக்கு, மிகச் சூடான இடம் 98 டிகிரியைத் தாண்டி ஒவ்வொரு 6 டிகிரி ஏறும்போதும் வயது இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது என்பது கணக்கு. ரேடியேட்டரில் செடி படர்ந்திருந்தால் வெட்டுங்கள்.

கேள்வி: எல்இடி சூடாகாது என்றுதானே விற்கிறார்கள்? என் 100 வாட் எல்இடி விளக்கின் பின்னால் ஏன் இரண்டு கிலோ அலுமினியம்?

குண்டு பல்பு தன் சூட்டில் பெரும்பங்கை அகச்சிவப்புக் கதிராக முன்னால் வீசிவிடும். கையை நீட்டினால் சுடும். எல்இடி முன்னால் வீசுவது வெளிச்சம் மட்டும், அதனால் முன்னால் சுடாது. 100 வாட்டில் பாதிக்கு மேல் சூடாகத்தான் ஆகிறது, அது நகத்தளவு சில்லின் முதுகு வழியாகத்தான் வெளியேற வேண்டும். டங்ஸ்டன் இழை 2,400 டிகிரியில் சந்தோஷமாக இருக்கும். எல்இடி சில்லு 120, 130 டிகிரியிலேயே வாடத் தொடங்கும்.

சில்லுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் தடவும் பேஸ்டை வெண்ணெய்போல அப்பாதீர்கள். அலுமினியத்தைவிட அது எவ்வளவோ மோசமான கடத்தி. ஆனால் காற்றைவிட நல்லது. இரண்டு உலோகமும் தொடாத நுண்ணிய பள்ளங்களை நிரப்ப மட்டும்தான் அது. அழுத்தித் தேய்த்தால் அடியில் உலோகம் மங்கலாகத் தெரிய வேண்டும். தகடுகள் செங்குத்தாக நிற்கும்படி மாட்டுங்கள்.

கேள்வி: வால்வு ஆம்ப்ளிஃபையரின் படம் இணைத்திருக்கிறேன். ஓடும்போது இரண்டு வால்விலும் ஆனோடு சிவக்கிறது. அணைத்துவிடவா?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடி வால்வு, உள்ளே கிராஃபைட் ஆனோடு. வெற்றிடத்துக்குள் இருக்கும் ஆனோடுக்குக் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை; கதிராக வீசுவது ஒன்றுதான் வழி. அதற்குச் சூடாகித்தான் ஆக வேண்டும். 400 டிகிரியில் வீசுவதைவிட 800 டிகிரியில் ஆறு மடங்குக்கு மேல் வீசும். அதனால்தான் இந்த மாதிரி வால்வுகளில் சிலவற்றைச் சிவந்து ஓடும்படியே செய்கிறார்கள். வால்வின் தாளில் எவ்வளவு வாட் தாங்கும் என்று போட்டிருக்கும், அதற்குள் இருந்தால் மங்கிய சிவப்புக்குப் பயப்பட வேண்டாம். கண்ணாடிக்கும் அடியில் உள்ள பின்களுக்கும் காற்று போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் உங்கள் படத்தில் இடது வால்வு மங்கிய சிவப்பு, வலது வால்வு கிட்டத்தட்ட ஆரஞ்சு. இரண்டும் பாரத்தைச் சமமாகப் பகிரவில்லை. அணைத்து, கெபாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, வலது பக்கத்து பயாஸை (வால்வு எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று கட்டுப்படுத்தும் வோல்டேஜ்) பாருங்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஆரஞ்சு வால்வோடு போகிறதா, சாக்கெட்டோடு நிற்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.